ஒரே பந்தயத்தில் மூன்று வெள்ளி எப்படி?

கேள்வி: 2016 ரியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சல் இறுதிப் போட்டியை வீட்டில் எல்லோருமாக யூடியூபில் பார்த்தோம். இரண்டாவதாக வந்தவர்கள் மூன்று பேர்! மூவருக்கும் வெள்ளி, வெண்கலம் யாருக்கும் இல்லை. "அந்த மெஷினுக்கு அதுக்கு மேல அளக்கத் தெரியலம்மா" என்கிறான் என் மகன். "பெல்ப்ஸ் பதக்கம் இல்லாமல் போய்விடக் கூடாதென்று செய்த ஏற்பாடு" என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி? ஓட்டப் பந்தயத்தில் விநாடியை ஆயிரமாகப் பிரித்துப் பார்க்கிறார்களே, நீச்சலில் ஏன் பார்ப்பதில்லை?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் வீட்டில் இருவரில் யாருக்கும் வெற்றி இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பந்தயத்தைப் போலவே இங்கும் சமநிலைதான். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரி சரியான இடத்தைத் தொட்டுவிட்டது. ஓட்டப் பந்தயத்துக்கும் நீச்சலுக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தில்தான் விடையே இருக்கிறது. அதற்கு முன் இரண்டு சந்தேகங்களையும் தீர்த்துவிடலாம்.

உங்கள் கணவர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். அன்று தங்கம் வென்றவர் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங். நேரம் 50.39 விநாடி. மைக்கேல் பெல்ப்ஸ் 51.14. இடையில் முக்கால் விநாடி, அதாவது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். சிங்கப்பூருக்கு ஒலிம்பிக் வரலாற்றில் கிடைத்த முதல் தங்கம் அது. 2008இல் பெல்ப்ஸ் சிங்கப்பூர் வந்திருந்தபோது, 13 வயதுப் பையனாக அவர் பக்கத்தில் கூச்சத்தோடு நின்று ஸ்கூலிங் எடுத்துக்கொண்ட படம் பிறகு உலகமெல்லாம் சுற்றியது. பெல்ப்ஸைக் காப்பாற்ற ஏற்பாடு செய்கிறவர்கள் இப்படியா செய்வார்கள்? அவரோடு 51.14இல் சுவரைத் தொட்ட மற்ற இருவர் தென்னாப்பிரிக்காவின் சாட் லே க்ளோஸும் ஹங்கேரியின் லாஸ்லோ செஹ்ஹும். நூறில் ஒரு பங்கு விநாடி வரை சமம் என்றால் ஒரே இடம் என்ற விதி மூவருக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்தது. அது பெல்ப்ஸ் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட விதி என்பதும் முக்கியம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மகன் சொல்வது நியாயமான சந்தேகம். ஆனால் கடிகாரத்தின் மேல் குற்றமில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கிலேயே ஒமேகா நிறுவனம் விநாடியைப் பத்து லட்சம் கூறாகப் பிரித்து அளக்கக்கூடிய கடிகாரத்தைக் கொண்டுவந்துவிட்டது. ஆயிரத்தில் ஒரு பங்கு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

கடிகாரத்துக்குத் துணையாக வேறு எவ்வளவு கவனம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒரு உதாரணம். பந்தயம் தொடங்கும் ஒலி ஒரே ஒரு ஒலிபெருக்கியிலிருந்து வந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடமும் இரண்டரை மீட்டர் அகலம். முதல் தடத்தின் நடுவிலிருந்து எட்டாம் தடத்தின் நடுவுக்கு 17.5 மீட்டர். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க நூறில் ஐந்து பங்கு விநாடி பிடிக்கும். முதல் தடத்துக்காரர் காதில் சத்தம் விழும் கணத்தில் எட்டாம் தடத்துக்காரருக்கு அது இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது! அதனால்தான் ஒவ்வொருவரும் நிற்கும் மேடையிலேயே தனித்தனி ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பார்க்கிறவர்கள், மூன்றாவது தசம இலக்கத்தை மட்டும் வேண்டுமென்றே கண்டுகொள்வதில்லை. "ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நேரம் கிடைத்தாலும் மூன்றாவது இலக்கத்தைப் பதிவு செய்யவும் கூடாது, இடத்தைத் தீர்மானிக்கப் பயன்படுத்தவும் கூடாது" என்பதுதான் விதியின் சாரம்.

ஏன் இந்தப் பிடிவாதம்? காரணம் சுவர்.

ஓட்டப் பந்தயத்தில் எல்லோருக்கும் எல்லைக்கோடு ஒன்றுதான். அந்த ஒரே கோட்டை ஒரே கேமரா பார்க்கிறது. 2024 பாரிஸில் ஆண்கள் 100 மீட்டர் ஓட்டத்தில் நோவா லைல்ஸ், கிஷேன் தாம்ப்சன் இருவருக்கும் 9.79 விநாடி. ஆயிரத்தில் பார்த்தபோது லைல்ஸ் 9.784, தாம்ப்சன் 9.789. தங்கம் லைல்ஸுக்குப் போனது. ஆயிரத்தில் அந்த ஐந்து பங்குக்குள் அவர்கள் ஓடிய வேகத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் கடந்திருப்பார்கள். கோடு ஒன்று என்பதால் அந்த ஐந்து சென்டிமீட்டரை நம்பலாம்.

நீச்சலில் அப்படி இல்லை. எட்டுப் பேருக்கும் எட்டு எல்லைகள். ஒவ்வொருவரும் தம் தடத்தின் கோடியில் தொங்கும் தொடுபலகையைத் தொட வேண்டும். 'டச் பேட்' என்று நீச்சல்காரர்கள் சொல்வது இதைத்தான். 2.4 மீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மெல்லிய பலகை அது. கனம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 30 சென்டிமீட்டர் தண்ணீருக்கு மேலே தெரியும், 60 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும். அந்தப் பலகை தொங்குவது மனிதர்கள் கட்டிய ஒரு சுவரில். வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேஸ்திரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஒரே அறையின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் டேப் வைத்துப் பார்த்தால் அளவு ஒரு நூலாவது வித்தியாசப்படும். நீச்சல் குளமும் கட்டடம்தானே.

சர்வதேச விதி இதை ஒப்புக்கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. லேத் பட்டறைகளில் 'டாலரன்ஸ்' என்பார்களே, அனுமதிக்கப்பட்ட பிசகு, அது 50 மீட்டர் குளத்துக்கும் உண்டு. எந்த இடத்தில் அளந்தாலும் 50 மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது. ஆனால் 3 சென்டிமீட்டர் வரை கூடலாம். குறையக் கூடாது என்பதன் காரணம் எளிது. குளம் குட்டையாக இருந்தால் அங்கே நீந்துகிற எல்லோரும் உலக சாதனை செய்துவிடுவார்கள். கூடினால் நஷ்டம் நீந்துகிறவருக்குத்தான், சாதனைப் புத்தகத்துக்கு இல்லை.

இப்போது கணக்கைப் போடுங்கள். 100 மீட்டரை 51.14 விநாடியில் நீந்தினால் சராசரி வேகம் விநாடிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்படியென்றால் நூறில் ஒரு பங்கு விநாடியில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், ஆயிரத்தில் ஒரு பங்கில் 2 மில்லிமீட்டர். அந்த 2 மில்லிமீட்டரை வைத்து, "நீ இரண்டாவது, நீ நாலாவது" என்று சொல்ல வேண்டுமானால், மூன்று பேரின் தடங்களும் 2 மில்லிமீட்டருக்குள் ஒரே நீளம் என்று யாராவது உத்தரவாதம் தர வேண்டும். விதி தருகிற உத்தரவாதமோ 30 மில்லிமீட்டர். கான்கிரீட் குளமாக இருந்தால், வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே 50 மீட்டர் நீளத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும் அல்லது விரியும். கடிகாரம் காட்டுகிற வித்தியாசம் நீந்தியவரால் வந்ததா, கொத்தனாரால் வந்ததா என்று சொல்ல முடியாத இடத்தில்தான் விதி தன் கணக்கை நிறுத்திக்கொள்கிறது.

கூர்ந்து படிக்கிறவர் இங்கே குறுக்கே புகுந்து, "100 மீட்டர் என்றால் இரண்டு நீளம். பிசகும் இரண்டு முறை சேருமே? அப்படியானால் 6 சென்டிமீட்டர், அதாவது நூறில் மூன்று பங்கு. நூறில் ஒரு பங்கையே நம்பக் கூடாதே!" என்று கேட்கலாம். கேட்பது சரிதான். நடைமுறையில் பெரிய போட்டிகளுக்குக் கட்டும் குளங்கள் இந்த எல்லைக்கு வெகு உள்ளேயே இருக்கும். தகுதி பெற்ற சர்வேயர் ஒருவர் அளந்து சான்று தர வேண்டும் என்பதும் விதி. ஆனாலும் நூறில் ஒரு பங்கு என்பது இயற்கை வகுத்த எல்லை இல்லை, மனிதர்கள் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்ட சமரசம். பந்தயம் என்றால் எங்காவது ஒரு கோடு போட வேண்டுமே.

அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று யோசிக்க வைத்த பந்தயம் 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் நடந்தது. ஆண்கள் 400 மீட்டர் தனிநபர் மெட்லி. பட்டர்ஃபிளை, பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைல் என நான்கு வகையையும் ஒருவரே அடுத்தடுத்து நீந்தும் போட்டி அது. ஸ்வீடனின் குன்னர் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீ இருவருக்கும் முடிவுப் பலகையில் 4:31.98 என்று வந்தது. அன்றைய கருவி ஆயிரத்தில் ஒரு பங்கையும் அளந்து வைத்திருந்தது. பார்த்தார்கள். லார்சன் 4:31.981, மெக்கீ 4:31.983. தங்கம் லார்சனுக்கு. ஆயிரத்தில் இரண்டு பங்கு! அந்த வேகத்தில் அது 3 மில்லிமீட்டர். எட்டு முறை குளத்தைக் கடந்து, நான்கரை நிமிடம் நீந்திய பிறகு 3 மில்லிமீட்டரில் தோற்றார் மெக்கீ. அது உண்மையிலேயே தோல்விதானா என்பது யாருக்கும் தெரியாது. அவருடைய தடம் அந்த 3 மில்லிமீட்டர் நீளமாக இருந்திருந்தால்? அல்லது லார்சனுடைய தொடுபலகை சற்று முன்னே தள்ளி மாட்டப்பட்டிருந்தால்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை என்பதால்தான், அதன் பிறகு விதியை மாற்றி நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், கருவியால் முடியும் என்பதற்காகவே ஒன்றைச் செய்யத் தேவையில்லை என்று ஒரு விளையாட்டு முடிவெடுத்தது பாராட்டத்தக்க விஷயம்.

அந்த விதியின் கீழ் முதலில் பளிச்சென்று தெரிந்த சமநிலை 1984 லாஸ் ஏஞ்சலஸில். பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நான்சி ஹாக்ஸ்ஹெட், கேரி ஸ்டைன்சைஃபர் இருவரும் 55.92. இருவருக்கும் தங்கம். 2000 சிட்னியில் ஆண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலிலும் அப்படியே. ஏன், நீங்கள் பார்த்த பந்தயத்துக்கு முந்தைய நாள்தான் அதே ரியோ குளத்தில் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சிமோன் மானுவல், பென்னி ஒலெக்சியாக் இருவரும் 52.70இல் தொட்டு, தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

"ஒரே நேரம்" என்றால் மூவரும் ஒரே கணத்தில் தொட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது இலக்கத்தை வெட்டிவிடுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? 51.140இல் தொட்டவருக்கும் 51.14 தான், 51.149இல் தொட்டவருக்கும் 51.14 தான். இருவருக்கும் இடையே 18 மில்லிமீட்டர் தண்ணீர் இருந்திருக்கலாம். இன்னொரு பக்கம், 51.149இல் ஒருவரும் 51.150இல் இன்னொருவரும் தொட்டால், நடுவில் இருப்பது வெறும் 2 மில்லிமீட்டர். ஆனால் முடிவுப் பலகையில் ஒருவருக்கு 51.14, மற்றவருக்கு 51.15. ஒருவருக்குப் பதக்கம், மற்றவருக்குக் கைதட்டல். எங்கே வெட்டினாலும் வெட்டுவாய் என்று ஒன்று இருக்கும். விதி அதை ஒழிக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்த இடத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறது.

இந்த வெட்டுவாயில் பெல்ப்ஸ் நின்ற கதை உங்கள் கணவருக்குப் பிடிக்கலாம். 2008 பெய்ஜிங், இதே 100 மீட்டர் பட்டர்ஃபிளை. செர்பியாவின் மிலோராட் சாவிச் முதல் 50 மீட்டரை 23.42இல் முடித்து முதலிடத்தில் திரும்பினார். பெல்ப்ஸ் 24.04, ஏழாவது. கடைசி நீளத்தில் விரட்டி வந்து, சுவருக்கு அருகே இருவரும் சமமாக இருப்பதுபோல் தெரிந்தது. அங்கே சாவிச் கைகளை நீட்டி வழுக்கிக்கொண்டு போனார். பெல்ப்ஸோ தேவையில்லாததுபோல் தோன்றிய ஒரு அரைக் கை வீச்சை வீசி, பலகையில் ஓங்கி அறைந்தார். பெல்ப்ஸ் 50.58, சாவிச் 50.59. ஒளிப்பதிவைப் பார்த்தவர்களில் பலர் இன்றுவரை சாவிச்தான் முதலில் தொட்டார் என்று சத்தியம் செய்வார்கள்.

தொடுபலகையின் இன்னொரு குணம் இங்கே முக்கியம். அலை மோதினாலும் விரல் நுனி வருடினாலும் கடிகாரம் நின்றுவிடக் கூடாதல்லவா? அதனால் கொஞ்சம் அழுத்தம் பட்டால்தான் அது கடிகாரத்தை நிறுத்தும். சுவரை அடைவது ஒன்று, பலகையை அழுத்துவது இன்னொன்று. விதியில் இரண்டாவதுதான் செல்லும். செர்பியா முறையிட்டது. நடுவர்கள் விநாடிக்கு 100 படம் எடுக்கும் கேமராவின் பதிவைப் பார்த்துவிட்டு முடிவை மாற்றவில்லை. அன்று இருவருக்கும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம்? விதிப்படி ஆயிரத்தில் ஒரு பங்காகவும் இருந்திருக்கலாம், 19 பங்காகவும் இருந்திருக்கலாம். வெட்டுவாயின் எந்தப் பக்கம் விழுந்தது என்பது மட்டும்தான் கணக்கு.

நாலு வருடம் கழித்து லண்டனில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை. இந்த முறை சுவர் வரும்போது வழுக்கிக்கொண்டு போனவர் பெல்ப்ஸ். கையை வீசி அறைந்தவர், உங்களுக்கு ரியோவிலிருந்து அறிமுகமான சாட் லே க்ளோஸ். 1:52.96க்கு 1:53.01. பெல்ப்ஸ் நூறில் ஐந்து பங்கில் தோற்றார். இரண்டு கைகளும் ஒன்றாகச் சுழன்று ஒன்றாகவே சுவரைத் தொட வேண்டிய வகை என்பதால், பட்டர்ஃபிளையில் கடைசி வீச்சு சுவருக்குச் சரியாக வந்து சேருமா என்பது பெரிய தலைவலி. ஃப்ரீஸ்டைலில் ஒரு கை போதாவிட்டால் மறு கை வரும். இங்கே அரை வீச்சா, வழுக்கலா என்று கண நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். நூறில் ஒரு பங்குகள் பெரும்பாலும் அங்கேதான் தொலைகின்றன.

"சரி, லேசர் வைத்து ஒவ்வொரு தடத்தையும் மில்லிமீட்டருக்குத் துல்லியமாக அளந்து, கழித்துக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று உங்கள் மகன் அடுத்துக் கேட்பான். கேட்கட்டும். தடத்தின் நீளம் ஒரே எண் இல்லை. தண்ணீருக்கு மேலே 30 சென்டிமீட்டரிலிருந்து கீழே 80 சென்டிமீட்டர் வரை சுவரின் ஒவ்வொரு புள்ளியிலும் அந்த 3 சென்டிமீட்டர் பிசகு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் நீர்மட்டத்தில் தொடுவார், இன்னொருவர் ஒரு சாண் ஆழத்தில் தொடுவார், ஒருவர் நடுவில், ஒருவர் ஓரத்தில். எந்தப் புள்ளிக்கு எவ்வளவு கழிப்பது? இதைச் செய்ய ஆரம்பித்தால் பந்தயம் முடிந்து மறுநாள்தான் முடிவு வரும்.

இந்தப் பிசகெல்லாம் நம் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவரையும் தொட்டுச் சென்றிருக்கிறது. நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:56.38இல் நீந்தி, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரரானார். தகுதிக்கு வேண்டிய நேரம் 1:56.48. நூறில் பத்து பங்கு மிச்சம், அதாவது சுமார் 17 சென்டிமீட்டர். இங்கே பக்கத்துத் தடத்துக்காரரோடு போட்டி இல்லை, உலகின் எல்லாக் குளங்களோடும் போட்டி. அதற்காகத்தான் சர்வேயரின் சான்றும், "குறையவே கூடாது" என்ற கண்டிப்பும்.

கடைசியாக, வெண்கலம் எங்கே போனது? மூவர் இரண்டாமிடத்தில் இருந்தால் மூன்றாம், நான்காம் இடங்கள் அவர்களுக்குள்ளேயே கரைந்துவிடுகின்றன. அடுத்து வந்தவர் ஐந்தாமிடம். வெள்ளிப் பதக்கத்தைக் கூடுதலாக இரண்டு கொண்டுவந்தால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் தகுதிச் சுற்றில் எட்டாம் இடத்துக்கு இருவர் சமமாக வந்தால் அந்த வசதி இல்லை. இறுதிப் போட்டியில் எட்டுப் பேருக்குத்தான் இடம். அப்போது அந்த இருவர் மட்டும் காலிக் குளத்தில் மறுபடியும் குதிக்க வேண்டும். ஸ்விம்-ஆஃப் என்பார்கள், இடத்தைத் தீர்க்கும் மறுநீச்சல். அதிலும் இருவரும் நூறில் ஒரு பங்கு வரை சமமாக வந்தால்? விதி அதையும் யோசித்து வைத்திருக்கிறது: இன்னொரு முறை நீந்த வேண்டியதுதான்.